நிற்கும் மேகம், ஓடும் காற்று

ஐப்பசி பிறந்துவிட்டால் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் எல்லார் கண்ணும் வானத்தின் மேல்தான். கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு கேட்டு ஆர்டர் குவியும் மாதமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. அச்சிலிருந்து எடுத்த விளக்கு நன்றாகக் காய வேண்டும். உள்ளே ஈரம் தங்கியபடி சூளையில் ஏற்றினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் விளக்கு விரியும், சில சமயம் வெடித்தே போகும். ஒரு வாரத்து உழைப்பை ஒரு மேகம் தீர்மானிக்கிற ஊர் இது.

அப்படியொரு நாளில், பலகையில் விளக்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னிடம் கிழக்கே கையைக் காட்டினார். "காலையிலேருந்து அந்த மேகம் அங்கயேதான் நிக்குது சார். நகரவே மாட்டேங்குது." பார்த்தேன். உண்மைதான். ஆனால் பக்கத்துச் சூளையின் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை மேற்கே சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கிறது, மேகம் மட்டும் எப்படி நிற்கிறது? காலையில் நின்ற மேகமும் இப்போது நிற்பதும் ஒன்றுதானா?

சின்னக் கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் ஜப்பானில் ஒரு மனிதர் ஏறத்தாழ 15 ஆண்டுகளை, சொந்தப் பணத்தை, ஒரு வீடு நிறையும் அளவு பிலிம் சுருள்களை இப்படியொரு கேள்விக்காகவே செலவிட்டார். அவர் கதைக்குப் போகுமுன் டீக்கடைக்குப் போய்விட்டு வருவோம்.

கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் புகை மூக்கின் நுனியிலேயே தொடங்குவதில்லை. நுனிக்கும் புகைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம் காலியாகத் தெரியும். உண்மையில் அங்கேதான் நீராவி இருக்கிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் பட்டுக் குளிர்ந்து பொடிப்பொடித் துளிகளாக மாறிய பிறகுதான் வெள்ளையாகத் தெரிகிறது. ஒரு சாண் தூரம் போனதும் அந்தத் துளிகள் மறுபடி உலர்ந்து காற்றில் கலந்துவிடுகின்றன. வெள்ளையும் மறைந்துவிடுகிறது. கெண்டி கொதிக்கும் வரை அந்த ஒரு சாண் வெள்ளை அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில் நிற்கும். அதற்குள் இருக்கும் நீரோ நொடிக்கு நொடி புதிது.

மேகமும் இப்படித்தான். அதை ஒரு பொருள் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஆவி துளியாகிற, துளி மறுபடி ஆவியாகிற ஓர் இடம் என்று நினைத்துப் பார்த்தால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

துளியாவது எப்போது? பட்டறைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடிக்கிறது. அதன் சுவரோடு களிமண் ஒட்டிக் கெட்டியாகிறது. நாலைந்து முறை ஊற்றியபின் அச்சு நிறைந்துவிடும், அதற்குமேல் குடிக்காது. காற்றுக்கும் ஏறக்குறைய அப்படி ஓர் எல்லை உண்டு. சூடான காற்றுக்கு எல்லை பெரிது, குளிர்ந்த காற்றுக்குச் சிறிது. ஈரக் காற்று குளிர்ந்துகொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் நிறைந்துவிடும். அதற்குமேல் குளிர்ந்தால் மிச்ச ஆவி துளியாகித்தான் ஆக வேண்டும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். விடியற்காலையில் புல்லில் பனி கோப்பதும் இதனால்தான்.

காற்றைக் குளிர்விக்க ஐஸ் பெட்டி தேவையில்லை, மேலே தூக்கினால் போதும். உயரே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிகிற காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வை அழுத்தினால் சீறி வருகிற காற்று விரலில் சில்லென்று படுவது இதே காரணத்தால்தான். மேகம் உருவாகாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. இறங்கினால் அதே கணக்கில் சூடாகிறது.

இதைக் கண்ணால் காண ஆனி, ஆடி மாதங்களில் கம்பம் பள்ளத்தாக்குக்கோ தென்காசிக்கோ போங்கள். மேற்கே மலை முகட்டில் வெள்ளை மதில் ஒன்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். கேரளப் பக்கமிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஏறி வருகிறது, குளிர்கிறது, மேகமாகிறது. முகட்டைத் தாண்டி நம் பக்கம் சரிந்து இறங்கும்போது சூடாகி, நடு ஆகாயத்திலேயே கரைந்துபோகிறது. அண்ணாந்து பார்த்தால் வெண்ணுரை வழிந்து வழிந்து ஒன்றுமில்லாமல் போவது போல இருக்கும். மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு உலர்ந்து வரும் அந்தக் காற்றுதான் நம் கடலூர் மாவட்டம் வரை வருகிறது. பெரிய மழைக்கு நாம் ஐப்பசிவரை காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த முகட்டுக்கு அப்பால் இருக்கும் பீருமேட்டில்தான் 1918-ல் அன்னா மணி பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, இந்திய வானிலைத் துறையின் அளவீட்டுக் கருவிகளைச் செம்மைப்படுத்தியவர். மேகம் வாசல்வரை வந்துபோகும் ஊரில் பிறந்தவர் வானிலைக்கு வந்ததை வெறும் தற்செயல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மேகத்தைப் படம் பிடித்தவரிடம் போவோம்.

மசனாவோ அபே 1891-ல் பிறந்தார். ஃபுகுயாமா பகுதியை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் வாரிசு. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நின்றபோது ஜப்பானின் கதவைத் திறக்கும் முடிவில் முன்னின்ற மசஹிரோ அபே இந்தக் குடும்பத்தவரே. கோமகன் பட்டமும் சொத்தும் இருந்தன. வேண்டுமானால் வேட்டை, விருந்து என்று வாழ்ந்திருக்கலாம். அவர் இயற்பியல் படித்தார். சினிமாக் கேமராவின் மீது அவருக்குத் தீராத ஆசை இருந்தது. தோராஹிகோ தெராதா என்ற இயற்பியலாளர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். தெராதா விசித்திரமான ஆசிரியர். மிட்டாயின் மேல் முள் எப்படி முளைக்கிறது, பொருள்களில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று அன்றாடம் நாம் கடந்துபோகும் காட்சிகளையே ஆராய்ந்தவர். விருத்தாசலத்துக்கு வந்திருந்தால் சூளையில் விரிந்த பாத்திரங்களின் முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார். சினிமாக் கேமராவை மேகத்தின் பக்கம் திருப்ப அபேயைத் தூண்டியவர் அவர்தான்.

1920களின் பிற்பகுதியில் ஃபுஜி மலையின் அடிவாரத்தில், கோதெம்பா என்ற ஊரில், மலையை நேர் எதிரே பார்க்கும்படி ஓர் ஆய்வுக்கூடத்தைத் தம் செலவிலேயே கட்டினார் அபே. ஃபுஜியின் உயரம் 3,776 மீட்டர். மற்ற மலைகளோடு கைகோக்காமல் தனியே நிற்கும் கூம்பு. கடையில் கொட்டிய உப்புக் குவியலைப் போல எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே வடிவம். காற்று ஒரு தடையின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க இயற்கையே செய்துவைத்த சோதனைச்சாலை.

அந்த மலையின் உச்சியில் சில நாள் தொப்பி கவிழ்த்தது போல ஒரு மேகம் உட்காரும். சில நாள் மலையை விட்டுத் தள்ளி, காற்று போகும் பக்கத்தில், அந்தரத்தில் தொங்கவிட்ட தட்டைப் போல இன்னொரு மேகம் நிற்கும். முன்னதைத் தொப்பி மேகம் என்றும் பின்னதைத் தொங்கு மேகம் என்றும் ஜப்பானியர் அழைக்கிறார்கள். ஃபுஜி தொப்பி போட்டால் மழை வரும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் நம்பிக்கை. நம் ஊரில் ஈசல் பறந்தால் மழை என்பார்களே, அதுபோல. இந்த மேகங்கள் பலத்த காற்றிலும் மணிக்கணக்கில் நகராமல் நிற்பதுதான் அபேயைப் பிடித்து உலுக்கிய விஷயம்.

மேகத்துக்குப் பெயர் வைக்கும் வேலை அதற்கு நூறாண்டுக்கு முன்பே தொடங்கியிருந்தது. லண்டனில் மருந்து வியாபாரம் செய்த லூக் ஹோவர்ட் 1802-ல் ஓர் உரையில் மேகங்களைக் கீற்று, திரள், படலம் என்று பிரித்துக் காட்டினார். 1896-ல் சர்வதேச மேக அட்லஸ் வெளிவந்தது. ஆனால் பெயர் வைப்பது வேறு, எப்படி இயங்குகிறது என்று அறிவது வேறு.

மேகத்தைப் படமெடுப்பதும் அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. பழைய புகைப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மிகவும் கூர்மையானவை. நீல வானம் தகட்டில் வெள்ளையாகவே பதியும். வெள்ளை மேகமும் வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிய மாதிரி இருக்கும். எல்லா நிறத்தையும் உணரும் தகடு வந்து, கேமராவின் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை வைத்து நீலத்தை வடிகட்டிய பிறகுதான் வானம் கறுத்து, மேகம் எழுந்து நின்றது.

அபே புகைப்படத்தோடு நிற்கவில்லை. ஒரு படம் மேகத்தின் வடிவத்தைச் சொல்லும், அதன் நடத்தையைச் சொல்லாது. சினிமாக் கேமராவில் மெதுவாக, இடைவெளி விட்டுப் படம் எடுத்தார். நாலு நொடிக்கு ஒரு படம் என்று எடுத்து, நொடிக்கு 16 படம் ஓடும் கருவியில் போட்டுக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலம் 64 மடங்கு விரைந்து ஓடும். ஒரு மணி நேரத்து வானம் ஒரு நிமிடத்துக்குள் கண்முன் நடந்து முடியும். மல்லிகை மொட்டு அவிழ்வதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அதே உத்திதான்.

அப்படி ஓட்டிப் பார்த்தால், நிற்பதாக நினைத்த தொப்பி மேகம் நிற்கவே இல்லை என்பது தெரிகிறது. காற்று வந்து மோதும் பக்கத்து விளிம்பில் வெள்ளை இழைகள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பிறக்கின்றன. உச்சியைத் தாண்டி ஓடுகின்றன. அந்தப் பக்கத்து விளிம்பில் கரைந்து மறைகின்றன. ஓயாத ஓட்டம். வெளி வடிவம் மட்டும் அசையவில்லை. கம்பம் முகட்டில் நடப்பதும் கெண்டி மூக்கில் நடப்பதும் இங்கே உச்சியில் நடக்கிறது. கண்ணால் 15 ஆண்டு பார்த்தாலும் உறுதிப்படாத ஒன்று இரண்டு நிமிடப் படச்சுருளில் உறுதியாகிவிடுகிறது.

அடுத்த கேள்வி உயரம். மேகம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது? கட்டை விரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி இன்னொரு கண்ணால் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் தாவும். கையை நீட்டினால் தாவல் குறையும், மடக்கினால் கூடும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். தாவல் எவ்வளவு என்று அளந்தால் தொலைவைக் கணக்கிடலாம். மேகம் வெகுதூரத்தில் இருப்பதால் நம் இரண்டு கண்ணுக்கு இடையிலான இடைவெளி போதாது. ஆகவே அபே தள்ளித் தள்ளி இரண்டு கேமராக்களை வைத்தார். ஒரு ராட்சதனின் இரண்டு கண்களைப் போல. இரண்டும் ஒரே கணத்தில் எடுக்க வேண்டும் என்பதில்தான் சிரமம். மலையையோ கோபுரத்தையோ முன்னே பின்னே எடுத்தாலும் பரவாயில்லை. மேகம் அதற்குள் வேறொன்றாகிவிடும்.

பிறகு தொங்கு மேகம். மலையில் ஒட்டாமல் தள்ளி நிற்கும் மேகத்தைத் தூக்கிப் பிடிப்பது எது? அபே ஃபுஜியின் சிறு மாதிரியைச் செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதன்மேல் காற்றை ஓட்டிப் பார்த்தார். தடையைத் தாண்டிய பிறகும் காற்று நேரே போய்விடுவதில்லை. ஏறி இறங்கி ஏறி இறங்கி அலையடித்துக்கொண்டே போகிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்து விட்டால் என்ன செய்கிறது? நிமிர்ந்து வருகிறது, நேர் நிலையில் நிற்காமல் மறுபக்கம் சாய்கிறது, மறுபடி நிமிர்கிறது. வளிமண்டலம் நிலையாக இருக்கும் நாளில் காற்றும் அந்தப் பொம்மை மாதிரிதான். மலை அதை மேலே தள்ளுகிறது. மேலே போனதும் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து கனமாகி விடுவதால் கீழே விழுகிறது. விழுந்த வேகத்தில் தன் இடத்தையும் தாண்டி இறங்குகிறது. இறங்கியதும் சூடாகி மேலே வருகிறது. இப்படி ஆடிக்கொண்டே முன்னால் ஓடுவதால் மலைக்குப் பின்னே வரிசையாக அலைகள். இதற்கு மலையலை என்று பெயர். அலை எங்கே உச்சிக்குப் போகிறதோ அங்கே காற்று பனிநிலையைத் தொட்டு மேகமாகிறது. பள்ளத்தில் கரைகிறது. உச்சியில் மட்டும் ஒரு தட்டு நிற்கிறது. வில்லை போல இருப்பதால் வில்லை மேகம் என்று பொதுப்பெயர் வைக்கலாம்.

அலை ஏன் ஓடிப்போகவில்லை? நம் ஊர் மணிமுத்தாற்றில் தண்ணீர் வரும் நாளில் ஒரு பாறைக்குப் பின்னால் பாருங்கள். தண்ணீர் ஒரு மேடு கட்டி நிற்கும். காய்ந்த இலை ஒன்று மிதந்து வரும், மேட்டில் ஏறும், இறங்கும், போய்விடும். மேடு அங்கேயே இருக்கும். பாறை நகர்ந்தால்தான் மேடு நகரும். ஃபுஜிக்குப் பின்னால் தொங்கும் மேகம் அந்த நீர் மேடு. துளிகள் அந்த இலை. துளி என்றால் மிக நுண்ணியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அகலம். தலைமுடியைவிட மெல்லியது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் விழும். ஏறுகிற காற்று அதைத் தாங்கிவிடுகிறது. மேகம் ஏன் தலையில் விழவில்லை என்று குழந்தைகள் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் இதுவே.

அபே படமெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1933-ல், ஜெர்மனியில் எஞ்சின் இல்லாத சறுக்கு விமானத்தில் பறந்தவர்கள் மலைக்குப் பின்னால் தங்களை உயரே தூக்கிச் செல்லும் காற்றைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் உடம்பால் உணர்ந்த அதே மலையலையை இவர் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார். வெவ்வேறு வழியில் வந்த இரண்டு சான்றுகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் அறிவியலில் நம்பிக்கை பிறக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் புதிய அரசியலமைப்பு 1947-ல் பிரபுப் பட்டங்களை ஒழித்தது. ஆனாலும் மேகக் கோமகன் என்றே அபேயை இன்றும் சொல்கிறார்கள். 1966-ல் அவர் இறந்தார்.

அதே 1966-ல், மார்ச் 5 அன்று, தோக்கியோவிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் போயிங் 707 விமானம் ஒன்று ஃபுஜியின் அருகே நடுவானில் உடைந்து, கோதெம்பா பக்கத்து மலைச்சரிவில் விழுந்தது. 124 பேர் இறந்தார்கள். புயலா? இல்லை. வானம் தெளிவாக இருந்தது. வடமேற்கிலிருந்து பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று உலர்ந்திருந்ததால் தொப்பி மேகமோ தொங்கு மேகமோ உருவாகவில்லை. ஆனால் மலையலை இருந்தது. அதன் கடுமையான குலுக்கலில் விமானம் சிக்கிவிட்டது. பயணி ஒருவர் எடுத்த 8 மில்லிமீட்டர் சினிமாச் சுருள் இடிபாட்டில் கிடைத்தது. ஆய்வாளர்கள் அதையும் சான்றாகக் கொண்டார்கள். எந்த மலையின் பின்னால் காற்று எப்படி அலையடிக்கும் என்று அபே பிலிமில் காட்டினாரோ, அதே மலையின் பின்னால், அதே ஊரின் அருகே இது நடந்தது. மேகம் இருந்திருந்தால் அது எச்சரிக்கைப் பலகையாக நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு மேகம் எழுதிக் காட்டும் கையெழுத்தைப் படிக்க ஒருவர் இத்தனை ஆண்டுகளைக் கொடுத்தது எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இந்த விபத்தைத்தான் சொல்வேன்.

இப்போது புயல் வரும்போது நாம் கைப்பேசியில் பார்க்கிறோமே, செயற்கைக்கோள் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மேகச் சுருள் கரையை நோக்கி வருவதை, அதுவும் இடைவெளி விட்டு எடுத்து விரைந்து ஓட்டும் அதே வித்தைதான். கேமரா கோதெம்பாவின் தரையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போயிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, நம் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அந்தப் புயல் கடலில் இருந்தபோதே அதன் ஒவ்வொரு அசைவும் படமாகிக்கொண்டிருந்தது. மேகத்தை ஓடவிட்டுப் பார்த்தால்தான் புரியும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது!

பட்டறை அம்மாவின் மேகத்துக்கு வருகிறேன். சமவெளியான நம் ஊரில் ஃபுஜி கிடையாது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து காற்றுக் குமிழ்கள் எழும்பி, மேலே குளிர்ந்து, பஞ்சுத் திரள்களாகின்றன. தனித்தனித் திரள் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்று கரையும்போது பக்கத்தில் இன்னொன்று எழும்பினால், காலையிலிருந்து ஒரே மேகம் நிற்பதாகவே நமக்குத் தோன்றும். அன்று கிழக்கே நின்றது இப்படி மாறி மாறிப் பிறந்த மேகங்களாக இருக்கலாம், நம்மை நோக்கியே வந்ததால் நகராதது போலத் தெரிந்த தூரத்து மேகமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று வாய்ப்பேச்சால் முடிவு கட்ட முடியாது. படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அபேவுக்கு ஒரு கட்டடமும் ஒரு சொத்தும் தேவைப்பட்ட வேலைக்கு இன்று சட்டைப் பையில் இருப்பதே போதும். உங்கள் கைப்பேசி கேமராவில் 'டைம் லாப்ஸ்' என்று ஒரு வசதி இருக்கும். வரும் விடுமுறை நாளில், காலை பதினொரு மணி வாக்கில், மொட்டை மாடியில் இரண்டு செங்கல்லுக்கு இடையே கைப்பேசியை அசையாமல் நிறுத்துங்கள். சூரியனை நேரே பார்க்காதபடி திருப்பிவையுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு புகைபோக்கியோ பழமலைநாதர் கோயில் கோபுரமோ தெரியட்டும், அப்போதுதான் மேகம் நகர்கிறதா என்று ஒப்பிட முடியும். அரை மணி நேரம் விட்டுவிட்டு வந்து ஓட்டிப் பாருங்கள். தேதி, நேரம், கேமரா பார்த்த திசை, புகை சாய்ந்த திசை, இந்த நான்கையும் ஒரு நோட்டில் மறக்காமல் எழுதி வையுங்கள்.